செம்மை பிறக்கும் இடம்

இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிகளில் சிவப்பு ஓக் மரங்கள் தீப்பற்றியதுபோல் ஒளிர்கின்றன. புணேயை அடுத்த சாகணில் புதுமனை கட்டிய ஒருவர், படத்தில் அக்காட்சியைக் கண்டு, தம் தோட்டத்திலும் அத்தகைய பெருமரம் வேண்டும் என விரும்பினால் அதில் தவறுண்டா?

அழகை விரும்புவது குற்றமன்று. ஆனால் அந்தச் செம்மை பிறப்பது எப்படி? பகல் குறுகி, குளிர் நெருங்கும்போது மரம் இலைகளிலுள்ள சத்துகளைத் தன்னுள் ஒடுக்கிக்கொள்கிறது. பச்சையம் சிதைய, மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. வெயில் நிறைந்த பகலும் குளிர்ந்த இரவும் கூடினால் செந்நிறமும் புதிதாய் உண்டாகிறது. ஆக, கடும்பனியை எதிர்கொள்ள மரம் மேற்கொள்ளும் துறவே அந்த வண்ணம். அப்பனி இல்லாத சாகணில் மரத்தை நடலாம்; வண்ணத்தை வரவழைப்பது அரிது.

மனிதனும் பெரும்பாலும் இவ்வாறே ஆசைப்படுகிறான். பிறருடைய அமைதியையும் புகழையும் வேண்டுகிறான். அவற்றை விளைவித்த தவத்தை எண்ணுவதில்லை. பிறர் தர்மத்தைவிடத் தன் தர்மமே மேல் என்று கீதை கூறுவது இதனால்தான். அந்தக் கீதைக்கு 1290-இல் மராத்தியில் உரை தந்த ஞானேசுவரர் சமாதி கொண்ட ஆளந்தி, சாகணுக்கு அருகிலேயே உள்ளது.

அப்படியானால் வெளியிலிருந்து வருவன அனைத்தும் விலக்கத்தக்கனவா? இல்லை. சாகண் சந்தைக்கு வரும் உருளைக்கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்கா. இந்த மண் அதனை ஏற்றது. அதுவும் தன் இயல்பு குன்றாமல் விளைந்தது. எங்கிருந்து வந்தது என்பதன்று கேள்வி. வந்த இடத்தில் தன் இயல்போடு வாழ முடியுமா என்பதே கேள்வி.

செம்மையை நாடுவோருக்குச் சகியாத்ரி மலைக்காடுகளிலேயே விடையுண்டு. தமிழில் கும்பாதிரி என்றும் மராத்தியில் கோசிம்ப் என்றும் வழங்கும் மரம், கோடை தொடங்கும் மார்ச் மாதத்தில் செந்தளிர்களால் நிறைகிறது. அங்கே இலை செம்மையோடு விடைபெறுகிறது. இங்கே செம்மையோடு பிறக்கிறது.

இந்த மரமும் மெதுவாகவே வளரும். நட்டவர் அதன் முழு எழிலைக் காணாமலே போகலாம். சாகணை ஒட்டிய பாமசந்திரக் குன்றில் தியானித்த துகாராம், மரங்களை உறவாகக் கண்டவர். உறவென்று கருதுபவன் மரத்திடம் கூலி கேட்பதில்லை. கண்ணுக்கு விருந்து வேண்டி நடுவது ஆசை. பின்னால் வருபவரின் கண்ணுக்காக நடுவது கர்மயோகம். குழி ஒன்றுதான், நடும் மனமே வேறு.