செங்கம் சாலையிலிருந்து புறப்படு!

திருவண்ணாமலை ரமணாசிரம வாசலில் நின்று பார். ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவர்கள், தமிழில் ஒரு வார்த்தை தெரியாமலே செங்கம் சாலையில் வீடு பிடிக்கிறார்கள். கைஜாடையில் டீ கேட்டு வாங்குகிறார்கள். வெறுங்காலோடு கிரிவலம் போகிறார்கள். தேடல் பெரிதாக இருப்பதால் கூச்சம் அவர்களைத் தொடுவதில்லை. "எனக்கு இங்கிலீஷ் வராது, வெளிநாட்டுப் படிப்பெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று நீ மட்டும் ஏன் ஒடுங்கிப் போகிறாய்?

உன் ஊருக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அதை உருவாக்கிய வானியலாளர் வைணு பாப்பு, ஹார்வர்டுக்குப் படிக்கப் போனது 1949-ல். அந்த ஆண்டே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பேராசிரியர் பாக், சக மாணவர் நியூகிர்க் இருவரின் பெயரோடு அவர் பெயரும் அதில் ஏறியது. பிறகு கலிபோர்னியாவில் வானியலாளர் ஓலின் வில்சனோடு சேர்ந்து நட்சத்திர நிறமாலைகளை ஆராய்ந்தார். கால்சியம் தரும் ஒரு கோட்டின் அகலத்தை அளந்தால் நட்சத்திரத்தின் உண்மையான ஒளி தெரியும் என்று இருவரும் கண்டார்கள். அதைக் கொண்டு அதன் தொலைவைக் கணக்கிடலாம். இதைச் சொல்லும் கட்டுரை இருவர் பெயரிலும் வந்தபோது ஆண்டு 1957. பாப்பு எப்போதோ இந்தியா திரும்பியிருந்தார்!

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பட்டம் சுவரில் தொங்கும். ஆய்வுக்கூடத்தில் உன்னோடு கண்விழித்தவன் கடல் தாண்டியும் கூட வருவான். உலகத்தோடு தோள் சேர்ந்து நிற்பது எப்படி என்று பார்: 1977-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்த இரவில், அமெரிக்கர்கள் விமானத்தில் பறந்தபடி பார்த்தார்கள். காவலூரில் நம்மவர்கள் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பார்த்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அந்த இரவின் பதிவுகளிலிருந்துதான். 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கே தலைவரானார் பாப்பு. உலகத்தோடு உட்கார்ந்து படித்தவரை உலகம் தன் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தது!

பணமில்லை என்று சொல்லாதே. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்கத் தமிழக அரசே உதவித்தொகை தருகிறது. ஜவ்வாது மலைப் பிள்ளைகளே, அது உங்களுக்கும்தான்! எல்லோருக்கும் அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகை உண்டு, ஜெர்மனியின் டாட் (DAAD) உதவித்தொகை உண்டு. கேட்காதவனுக்கு எதுவும் கிடைக்காது.

தம்பி, தங்கையே! உனக்குப் பிடித்த துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படி. புரியாத இடத்தைக் குறித்துக்கொள். எழுதியவரின் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தப்பும் தவறுமான ஆங்கிலமானாலும் பரவாயில்லை, உன் கேள்வியை இந்த வாரமே அவருக்கு எழுதி அனுப்பு!