வளைதலும் வழுவுதலும்

இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு முனைக்குத் தனுஷ்கோடி என்பது பெயர். தனுஷ் என்றால் வில். கோடி என்றால் முனை. வளையும் இயல்பு இல்லையேல் அது வில்லாகாது, வெறுங்கழியே. எனவே வளைதல் எல்லாம் இழுக்கு என்று எண்ணுதல் பொருந்தாது.

தமிழில் வணங்குதல் என்னும் சொல்லுக்கே வளைதல் என்னும் பொருள் உண்டு. உடல் வளைவதே வழிபாட்டின் பெயராயிற்று. வளை என்பது இக்கடற்கரையில் கிடைக்கும் சங்கையும், சங்கை அறுத்துச் செய்யும் கையணியையும் குறிக்கும். அச்சங்கே நம் 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாத சுவாமியின் இலாஞ்சனம். ஆனால் கோடுதல் என்பதும் வளைதலே. நடுவுநிலை கோடினால் அது குற்றம். வளைந்த கோல் கொடுங்கோல் எனப்படும். அப்படியாயின் எங்கே வளையலாம், எங்கே வளையலாகாது?

இதற்கு விடை நம் தசதர்மங்களின் வரிசையிலேயே உள்ளது. பொறுமைக்கு அடுத்து இரண்டாவதாக வைக்கப்பட்டது மார்தவம், அதாவது செருக்கின்றி மென்மையாய் இருத்தல். மூன்றாவது ஆர்ஜவம், அதாவது கோணலற்ற நேர்மை. செருக்கு வளைய வேண்டும், நெஞ்சம் வளையலாகாது. இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருப்பதே அறம்.

பாம்பன் பழைய இரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டு, 2022 வரை இரயில்களைத் தாங்கியது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். கப்பல் சென்றபின் இரு பகுதிகளும் மீண்டும் தத்தம் இடத்தில் பொருந்தும். 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி நேராக மேலெழுந்து இறங்குகிறது. வழிவிடுதலும் நிலைக்குத் திரும்புதலும் இரண்டிற்கும் பொது. நல்ல வளைதல் இத்தகையது. வழுவுதலோ மணல்மேடு சரிவது போன்றது. சரிந்த மணல் தானாக மேலேறுவதில்லை.

வெளியூரில் பணிபுரியும் நம் பிள்ளை ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பொழுது சாயுமுன் உண்பதற்காக மேலாளரிடம் பணிவுடன் அனுமதி கேட்கிறான். உடனிருப்போர் நகைத்தாலும் சினம் கொள்வதில்லை. இது வளைதல். "ஒருநாள் இரவில் உண்டால் என்ன?" என்று அவன் மனம் தளர்வது அதிக்கிரமம். விரதத்தின் வேலியைக் கடக்கத் துணிவது வியதிக்கிரமம். உண்டுவிடுவது அதிசாரம். அதுவே வழக்கமாகி, மனம் உறுத்தாமல் போவது அநாசாரம். வழுக்கும் படிகளை நம் ஆசாரியர்கள் இவ்வாறு நான்காக வகுத்துள்ளனர்.

சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலில் வழு, வழாநிலை ஆகியவற்றோடு வழுவமைதியையும் கூறினார். பசுவை "என் அம்மை வந்தாள்" என்று அன்பினால் அழைப்பது திணை வழுவாயினும் ஏற்கத்தக்கது. மொழியில் அன்புக்கு இடம் கொடுத்த மரபு நம்முடையது. ஆனால் ஒழுக்கத்தில் வசதியைக் காரணம் காட்டி வழுவமைதி கோரலாகாது. வழுவியவர்க்கு உரியது பிரதிக்கிரமணம், அதாவது மீண்டு வருதல்.

மீண்டு வருபவரை நாம் எவ்வாறு ஏற்கிறோம் என்பதே பெரிய கேள்வி. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூஹனம் பிறர் குறையைத் தூற்றாமல் மறைப்பது. ஸ்திதிகரணம் வழுவியவரை மீண்டும் அறத்தில் நிலைநிறுத்துவது. ஆலயத்திலும் திருமண வீட்டிலும் ஓர் இளைஞனின் பிழையைப் பலர் முன் பேசுவோர் தம் விரதத்தில் சற்றும் வழுவாதவராக இருக்கலாம். எனினும் இவ்விரு அங்கங்களிலும் வழுவியவரே. அப்பிள்ளை அடுத்தமுறை ஆலயத்திற்கு வாரானாயின், அவன் சரிவில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே பெரியோர் அவனைத் தனியே அழைத்து, பழியாமல், மறுநாளே விரதத்தைத் தொடங்கச் சொல்ல வேண்டும். நம் விரதத்தில் நிமிர்ந்து நிற்போம். வழுக்கி விழுந்தவரைத் தூக்குவதற்கோ, நாம் குனிந்தே ஆகவேண்டும்.

அறம் வளர்க!