பாரம் கழலும் இடம்

சாம்பல் புதனில் தொடங்கி, ஞாயிறுகள் நீங்கலாக 40 நாட்கள் நீளும் தவக்காலத்தை, அதாவது சீர்திருத்தச் சபையார் லெந்து என வழங்கும் நோன்புக் காலத்தை, உண்ணாமையால் பாவத்துக்கு ஈடுகட்டும் முயற்சியாகக் கொள்வது அதன் உட்பொருளைத் தவறவிடுவதாகும். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் நூலைத் தழுவி இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தில், பயணியின் முதுகிலுள்ள பாவப் பாரம் அவன் முயற்சியால் அன்றிச் சிலுவையின் முன்னேதான் கழன்று விழுகிறது. தகுதி நோக்காது இறைவன் வழங்கும் அருளாகிய கிருபையே விடுதலைக்குக் காரணம் என்னும் இக்கொள்கை, தன் வலிமையைக் கைவிட்டு இறைவனையே அடைக்கலமாகப் பற்றும் வைணவச் சரணாகதி நெறியை அறிந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தாருக்கு அந்நியமாகத் தோன்றாது. பாரம் நீங்கிய பின்னும் அப்பயணிக்கு நெடுவழி எஞ்சியிருப்பதால், நோன்பும் ஈகையும் விடுதலைக்குரிய விலையாக அல்லாமல் அவ்வழிக்குரிய பயிற்சிகளாகவே பொருள்படுகின்றன.