எவரும் அறியாத தைரியம்

விக்டர் ஹியூகோ என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரும் நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950-ஆம் ஆண்டில் நாகையா நடித்து அப்பெயரிலேயே படமும் வெளிவந்தது. ஆகவே, ரொட்டி திருடியதற்கும் சிறையிலிருந்து தப்ப முயன்றதற்குமாக 19 ஆண்டுகள் தண்டனை அனுபவித்த ழான் வால்ஜானைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவனுடைய தைரியம் எத்தகையது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

விடுதலைக்குப் பின் அவன் மதலேன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, தொழிற்சாலை கண்டு, ஒரு நகரத்தின் தலைவராகிறான். (இனி ‘அவர்’ என்றே சொல்வோம்.) ஒரு நாள் சேற்றில் புதையும் வண்டியின் கீழ் ஒரு கிழவர் சிக்கிக்கொள்கிறார். இவ்வளவு பளுவைத் தூக்க வல்லவன் தான் அறிந்த ஒரு கைதி மட்டுமே என்று போலீஸ் அதிகாரி ஜாவேர், அவர் முகத்தைப் பார்த்தபடியே சொல்கிறான். அப்படியிருந்தும் மதலேன் வண்டிக்கடியில் புகுந்து தூக்கிவிடுகிறார். படிப்போர் மெய்சிலிர்க்கும் இடம் இது. எனினும் இதனை நாம் இரண்டாந்தரமாகவே மதிப்போம். கண்ணெதிரே ஓர் உயிர் துடிக்கும்போது யோசிக்க அவகாசமேது?

யோசிக்க ஓர் இரவு முழுவதும் கிடைத்தால் என்ன செய்வோம் என்பதன்றோ கேள்வி!

சாம்மாத்தியூ என்னும் ஏழைக் கிழவன் ஆப்பிள் திருடியதாகப் பிடிபடுகிறான். அவனே வால்ஜான் என்று சிலர் அடையாளம் காட்டுகின்றனர். அராஸ் நகரில் வழக்கு. தீர்ப்பானால் ஆயுள் தண்டனை. மதலேன் வாய் திறக்காதிருந்தால் போதும். அவரை இனி எவரும் தேடப்போவதில்லை. அன்றிரவு அவர் அறைக்குள் அங்குமிங்கும் நடக்கிறார். பழைய துணிகளை எரிக்கிறார். தம்மைத் திருத்திய மேற்றிராணியார் கொடுத்த வெள்ளி விளக்குத் தண்டுகளையும் நெருப்பிலிடத் துணிகிறார். பிறகு நின்றுவிடுகிறார். விடிவதற்குள் புறப்படுகிறார், ஆயினும் முடிவு செய்துவிட்டுப் புறப்படவில்லை.

வழியில் வண்டிச் சக்கரம் பழுதாகிறது. வேறு வண்டியும் அகப்படவில்லை. அப்போது அவருக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகிறது! தம்மால் ஆனதைச் செய்தாயிற்று, தடுத்தது விதியே என்று பெருமூச்சு விடுகிறார். ஆசிரியர் இவ்விடத்தில் தம் வீரனைக் காப்பாற்ற முயலாததே அவருடைய பெருமை. கடமைக்குத் தடை ஏற்பட்டதும் உள்ளூர மகிழாத மனிதர் நம்மில் எத்தனை பேர்? பிறகு ஒரு கிழவி பழைய வண்டியொன்றைத் தருகிறாள், சாக்கு ஒழிந்தது. நீதிமன்றத்தின் கதவுவரை சென்றும் திரும்பி ஓடுகிறார்; மீண்டும் வருகிறார். அஞ்சாதவர் தைரியசாலி என்போர் இந்தப் பக்கங்களை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

இதற்கு ஓர் ஆட்சேபமுண்டு, அது இலேசானதன்று. அவரை நம்பி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் பிழைத்தனர். நோயாளிப் பெண் பாந்தீன், தன் மகளை அவர் அழைத்து வருவாரென்று படுக்கையில் காத்திருந்தாள். அவர் தம்மை வெளிப்படுத்தியபின் தொழில் சீர்குலைந்தது. பாந்தீனோ மகளைக் காணாமலே மாண்டாள். ஒரு கிழவனுக்காக ஒரு நகரத்தையே கைவிடுவது தருமமா?

தருமமே என்பது நம் துணிபு. நகரத்திற்காகத் தம் சுகத்தைக் கொடுக்க அவருக்கு உரிமையுண்டு; சாம்மாத்தியூவின் ஆயுளைக் கொடுக்க உரிமையில்லை. ஆனால் அதன் நஷ்டம் தொழிலாளர் தலையில் விழுந்ததையும் ஆசிரியர் மறைக்கவில்லை, நாமும் மறைக்கலாகாது.

விடுதலையான சாம்மாத்தியூவுக்கு நடந்தது எதுவும் விளங்கவில்லை. இம்மனிதர்கள் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டதென்று எண்ணிக்கொண்டு அவன் தன் வழியே போனான்.