கண்டவர் பெயரோடு

மேட்டுப்பாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நீலகிரி அடிவாரமும் மலை ரயிலும்தான் நினைவுக்கு வரும். எங்கள் மேட்டுப்பாளையம் புதுச்சேரியில் இருக்கிறது. இங்கே மலை கிடையாது. பிப்டிக் தொழிற்பேட்டை, லாரி முனையம், அவற்றை நம்பிப் பிழைக்கும் பட்டறைகள், சாப்பாட்டுக் கடைகள். கோரிமேடும் ஜிப்மர் மருத்துவமனையும் பக்கம்தான். அதனால் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு விடிந்ததும் டீக்கடைக்கு வருகிறவர்கள் இந்தப் பகுதியில் இரண்டு வகை: லாரி ஓட்டுநர்கள், நைட் டூட்டி முடித்த நர்சுகள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அந்த வேளையில் தூக்கம் பிடிப்பதில்லை. அப்போது எழுதி வைத்தவை இவை.

*

முதுகுத் தண்டில் அடிபட்ட ஓட்டுநர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. வலி தெரியாத அந்த இடத்தில்தான் படுக்கைப்புண் வரும். முதலில் இடுப்பெலும்புக்கு மேலே ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்தால் மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். புத்தகம் இவ்வளவுதான் சொல்லித் தரும்.

ஆனால் நம் ஆட்களின் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் கொஞ்சம் சூடாக இருக்கும், கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த சிஸ்டர். இரவு இரண்டு மணிக்கு டார்ச்சை அணைத்துவிட்டு, என் கையைப் பிடித்து ஒரு நோயாளியின் முதுகில் வைத்து, “கண்ண நம்பாத, கைய நம்பு” என்றார். புண் வருவதற்கு முன்பே அது வரும் இடத்தை அவர் சொல்லிவிடுவார்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் சால்வை போர்த்தினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள், ‘தன்னலமற்ற சேவை’ என்று பேசினார்கள். அவர் கைக்குத் தெரிந்திருந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அப்போது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கறுத்த தோலில் வெப்பத்தையும் தடிப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இப்போது உலக வழிகாட்டு நெறிகள் எல்லாம் எழுதுகின்றன. அவற்றைப் படிக்கும்போது அவர் நினைவுதான் வருகிறது.

சேவைக்கு ஒரு மேடை, ஆராய்ச்சிக்கு ஒரு அறை, பாராட்டுக்கு ஒரு நாள் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அந்த அம்மாவின் கையில் மூன்றும் ஒன்றாகவே இருந்தன. நர்சுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை, அவர் கண்டதை அவர் பெயரோடு எழுதி வைப்பதுதான் என்று நினைக்கிறேன்.

*

அப்படிப்பட்ட மரியாதை என்றால் எனக்கு ஒரு சங்கம் நினைவுக்கு வரும். 1922-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், இண்டியானா பல்கலைக்கழகத்தின் நர்சிங் பயிற்சிப் பள்ளி மாணவிகள் ஆறு பேர் சேர்ந்து ஒரு மதிப்புச் சங்கம் தொடங்கினார்கள். சிக்மா தீட்டா டவ் என்று பெயர். மூன்று கிரேக்க எழுத்துகள். அன்பு, துணிவு, மதிப்பு ஆகியவற்றைக் குறிப்பவை. நர்சுக்குப் படிப்பு எதற்கு என்று பலரும் கேட்ட காலம். பெண்களுக்கு அந்த நாட்டில் வாக்குரிமை வந்தே இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இன்று அந்தச் சங்கம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் உறுப்பினர்களோடும் நூற்றுக்கணக்கான கிளைகளோடும் இருக்கிறது.

அதன் வரலாற்றில் என் மனம் நிற்கும் இடம் 1936. அந்த ஆண்டு சங்கம் நர்சிங் ஆராய்ச்சிக்கென்று 600 டாலர் உதவித்தொகை கொடுத்தது. பெற்றவர் ஆலிஸ் கிறிஸ்ட் மலோன். அந்த நாட்டில் நர்சிங் ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் உதவிகளில் ஒன்று அது. நாடு பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். பதக்கம் அடித்துக் கொடுத்திருந்தால் செலவு குறைந்திருக்கும். அந்தப் பெண்கள் ஒரு கேள்விக்குப் பணம் கொடுத்தார்கள். உன் கேள்வி முக்கியமானது, போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல் என்று ஒருவரிடம் சொல்வதைவிட உயர்ந்த பாராட்டு எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்தச் சங்கத்தின் வாசல் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. இளநிலை மாணவர் சேர வேண்டுமென்றால் வகுப்பில் முதல் 35 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். படித்து முடித்த நர்சுக்குப் பட்டமாவது வேண்டும். படிப்பைத் தூக்கி நிறுத்த வேண்டிய நாட்டில், அந்தக் காலத்தில், அது நியாயம்தான். இதே அளவுகோலை இங்கே வைத்தால், துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளின் பெயரையும் ரத்த அளவையும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) அம்மா வெளியே நிற்பார்.

*

சாந்தி தெரசா லக்ரா அப்படிப்பட்ட ஒரு ஏ.என்.எம். லிட்டில் அந்தமான் தீவில், எண்ணிக்கையில் நூற்றுச் சொச்சமே இருக்கும் ஓங்கே பழங்குடி மக்களிடையே வேலை பார்த்தவர். 2004 சுனாமிக்குப் பிறகும் அந்த மக்களை விட்டு வரவில்லை. 2011-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கைவிரல் கணக்கில் பிறப்பும் இறப்பும் நிகழும் ஒரு சமூகத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரியது என்பது யோசித்தால்தான் தெரியும். அவருக்குத் தெரிந்தது உலகில் வேறு எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஓங்கே தாய் எதற்குப் பயப்படுவாள், எந்த மருந்தை வாங்கிக்கொள்வாள், எதை வாங்கி ஓரமாக வைத்துவிடுவாள் என்பதெல்லாம் அவர் பெயரில் ஒரு புத்தகமாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

*

மே 12, நைட்டிங்கேல் பிறந்த நாள். புதுச்சேரி மருத்துவமனைகளிலும் நர்சிங் கல்லூரிகளிலும் விளக்கேற்றி உறுதிமொழி எடுப்பார்கள். அந்தக் கையில் விளக்கு மட்டும் இருந்ததாகவே படம் போடுகிறோம். கணக்கேடும் இருந்தது. கிரிமியப் போரில் குண்டுபட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்த வீரர்கள் மிக அதிகம் என்பதை எண்களைக் கொண்டு வரைபடமாக்கிக் காட்டியவர் அவர். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண் உறுப்பினர் அவர்தான். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே, இங்கிருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்விப் படிவங்கள் அனுப்பி, தண்ணீர், சாக்கடை, சாவு எல்லாவற்றுக்கும் விவரம் வாங்கி எழுதினார். மாணவிகளுக்கு விளக்கோடு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தால் விழா இன்னும் நிறைவாக இருக்கும்.

*

லினி புதுச்சேரி. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அரசு மருத்துவமனை நர்ஸ். ‘புதுச்சேரி’ என்பது அவர் பெயரின் பின்பாதி, எங்கள் ஊரோடு சம்பந்தமில்லை. ஆனாலும் செய்தித்தாளில் அந்தப் பெயரைப் பார்த்தபோது இங்கே பல பேர் ஒரு கணம் திடுக்கிட்டார்கள். நிபா வைரஸ் தொற்றிய நோயாளியைப் பராமரித்து, நோய் தொற்றி, 2018 மே 21 அன்று இறந்தார். தனிமை வார்டிலிருந்து கணவருக்கு அவர் எழுதிய சிறு கடிதம் நாடு முழுக்கப் படிக்கப்பட்டது. மத்திய அரசு 1973-இலிருந்து கொடுத்துவரும் தேசிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது, அவர் மறைந்த பிறகு அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. 2019 டிசம்பரில் குடியரசுத் தலைவர் கையிலிருந்து கணவர் வாங்கிக்கொண்டார்.

அந்த விருதுக்கு முன் தலை வணங்குகிறேன். கூடவே ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த முறை நிபா பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. எந்த வராந்தாவில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்தக் கட்டிலுக்கும் எந்தக் கட்டிலுக்கும் எவ்வளவு இடைவெளி, இருமிக்கொண்டிருந்தவருக்கு யார் கஞ்சி புகட்டினார்கள் என்பதெல்லாம் நர்சின் கண் தினமும் பார்ப்பவை. லினி உயிரோடு இருந்திருந்தால், அந்த ஆய்வுகளுக்கு அவரே ஆசிரியராகவும் இருந்திருக்கலாம்.

*

எங்கள் ஊர்க் கதையையும் குறித்து வைக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அந்த மரபில் வந்தது ஜிப்மர். 1964-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அங்கே பி.எஸ்சி. நர்சிங் கல்லூரி வந்தது 2006-இல். நடுவில் 183 ஆண்டுகள். சென்னை பொது மருத்துவமனையில் நர்சுகளுக்கான பயிற்சி 1871-இலேயே தொடங்கிவிட்டது. வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் 1946-இல் பட்டப் படிப்பு வந்தது. டாக்டருக்குப் படிப்பு, நர்சுக்குப் பழக்கம் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு இந்த ஆண்டுகளே சாட்சி.

இந்தியாவிலும் நர்சுகள் சும்மா இருக்கவில்லை. 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவானது. 1910-இலிருந்து அது தன் பத்திரிகையை நடத்தி வருகிறது. நர்சிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசியச் சங்கம் 1986-இல் வந்தது.

*

எதிர்வீட்டு மாடியில் எம்.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருத்தி குடியிருக்கிறாள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தாள்.

“மேடம், ‘திட்டமிட்ட கற்பித்தல் முறையின் விளைவு’ன்னு ஏதாவது பண்ணிடலாமா? முன்னாடி ஒரு டெஸ்ட், பின்னாடி ஒரு டெஸ்ட். ஈசியா முடிஞ்சிடும்.”

நாட்டின் நர்சிங் நூலகங்களில் இந்த மாதிரித் தலைப்புள்ள ஏடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. நீரிழிவு பற்றி, தாய்ப்பால் பற்றி, கைகழுவுதல் பற்றி. பாடம் நடத்துவதற்கு முன் மதிப்பெண் குறைவு, நடத்திய பின் அதிகம். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருடத்தில் வகுப்பும் வார்டு வேலையும் பார்த்துக்கொண்டு, பணமும் இல்லாமல், வேறென்ன செய்வார்கள்? ஆனால் அந்த ஏடுகள் வார்டுக்குத் திரும்பி வருவதில்லை.

அவளிடம் டோரீன் நார்ட்டன் பற்றிச் சொன்னேன். லண்டனில் முதியோர் வார்டு நர்ஸ். படுக்கைப்புண் வராமலிருக்க அந்தக் காலத்தில் ஸ்பிரிட், பவுடர், களிம்பு என்று என்னென்னவோ தேய்த்தார்கள். நம் வார்டுகளிலும் ஸ்பிரிட்டும் பவுடரும் நெடுநாள் ஓடின. நார்ட்டன் இரண்டு தோழர்களோடு சேர்ந்து பொறுமையாகக் கவனித்து 1962-இல் முடிவை வெளியிட்டார். பலன் தந்தது பூச்சு அல்ல, ஆளைத் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்று ஐந்தைப் பார்த்து யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுகோலும் தந்தார். அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

“வெறும் பார்த்துப் பார்த்தேவா, மேடம்?” என்றாள்.

பார்த்து, எழுதி, எண்ணி.

*

புரட்டுவதற்கு ஆள் வேண்டும். போதனை மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. ராத்திரி வார்டு பார்த்தவர்களுக்கு அந்த எண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரியும். லிண்டா ஐக்கன் என்ற நர்ஸ் 2002-இல், பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து எழுதினார்: ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. எங்களுக்கு உடம்பில் தெரிந்த உண்மை. எண்ணாக வந்த பிறகுதான் அதிகாரிகளின் மேசைக்குப் போக முடிந்தது. எனக்கு ஆராய்ச்சி என்பது இதற்குத்தான் வேண்டும்.

*

இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது நாங்கள் படித்த விதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளை ஒப்பிட்டு 2013-இல் வந்த ஆய்வு, புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. ஆனால் அந்த முதியவர்கள் அனைவரும் படுத்திருந்தது அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தையில். நம் வார்டில் ரெக்சின் உறை போட்ட பழைய மெத்தை. மே மாதப் புதுச்சேரிப் புழுக்கம். முதுகுக்கும் ரெக்சினுக்கும் நடுவே வேர்வை. புரட்டுகிறவர் பெரும்பாலும் நர்சுகூட இல்லை, நோயாளியின் மனைவியோ அம்மாவோதான். “சிஸ்டர், சித்த கண்ணசந்துட்டேன்” என்று பதறி எழுந்த ஒரு ஓட்டுநரின் மனைவியை எனக்கு நினைவிருக்கிறது. பகலெல்லாம் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் அலைந்த பெண் ராத்திரியில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்தாக வேண்டுமா? மூன்று போதுமென்றால் அவளுக்கு எவ்வளவு தூக்கம் மிஞ்சும்? இந்த மெத்தையில், இந்த வெயிலில், மூன்று போதுமா?

மாணவியிடம் இதைச் சொன்னேன். மறுநாள் வந்தாள். இடைவெளியை நாமே மாற்றிப் பார்ப்பதற்கு நெறிமுறைக் குழு அனுமதி சுலபத்தில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆளுக்கு ஆபத்து இருக்கிறது. அதனால் முதலில் ஒன்றையும் மாற்றாமல், இப்போது நிஜத்தில் எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுகிறார்கள், யார் புரட்டுகிறார்கள், எந்த நேரத்தில் விட்டுப்போகிறது என்பதை மட்டும் குறித்தால் போதும் என்று அவளே யோசித்து வந்திருந்தாள். கறுத்த தோலுக்குப் புறங்கைச் சோதனையையும் சேர்த்துக்கொள்கிறாள். அந்தப் பத்தியில் மூத்த சிஸ்டரின் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். சம்மதம் கேட்க அவர் வீட்டு விலாசம் தேடிக்கொண்டிருக்கிறோம்.