அவையில் வாய்மூடி இருத்தல் அறமாகுமா?

நாவடக்கம் நம் சமயம் போற்றும் பெரும்பண்பு. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் பாஷா சமிதி ஒன்று. மூன்று குப்திகளுள் வசன குப்தி ஒன்று. இல்லறத்தார்க்கும் வாய்மை அணுவிரதமாக விதிக்கப்பட்டுள்ளது. பேசாதிருப்பின் பிழை நேராது என்று சொல்லியே நம் பெரியோர் நம்மை வளர்த்தனர். ஆயினும், பலர் கூடிய ஓர் அவையில் உண்மைக்கு மாறான சொல் ஒன்று எழுகின்றது. உண்மையை அறிந்த ஒருவர் அங்கே வாய்மூடி அமர்ந்திருக்கின்றார். அதுவும் நாவடக்கம் ஆகுமா? இவ்வினா நம்மை ஓராண்டாக வருத்தி வருகின்றது. அதனை அறநெஞ்சம் உடைய அன்பர்கள்முன் வைத்து ஆராய விழைகின்றோம்.

ஒரு மாலைப் பொழுது

நம் நகரில் பண்பாட்டு மையம் ஒன்று உள்ளது. மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே பொதுச் சொற்பொழிவு நிகழும். ஒரு மணி நேரம் பேச்சு. பின்னர் அரைமணி நேரம் கலந்துரையாடல். ஆசிரியர், அலுவலர், கல்லூரி மாணவர் என ஐம்பது அறுபது பேர் கூடுவர். தமிழகத்துச் சமயங்களின் வரலாறு பற்றி இரு மாதங்கள் தொடர்ந்து பேச அறிஞர் ஒருவர் வந்திருந்தார். குகைத்தளங்களையும் அவற்றிலுள்ள கற்படுக்கைகளையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் அவர் விளக்கியவிதம் நம் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆனால், முடிக்கும்போது அவர் ஒன்று கூறினார். ஏழாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் சமணம் அழிந்தது; இன்று இங்கே காணப்படும் சமணர் பிற்காலத்தில் வணிகத்தின்பொருட்டு வடக்கிலிருந்து வந்தவர்களே என்பது அவர் முடிபு.

தலைவர் எழுந்து, "வினாக்கள் உண்டா?" என்று கேட்டார். நாம் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தோம். உள்ளங்கை வியர்த்தது, நா எழவில்லை. விருந்தினராக வந்தவரைப் பலர்முன் வருத்துவது அகிம்சைக்கு ஆகாது என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். கூட்டம் கலைந்தது. உடன் வந்திருந்த பேத்தி எட்டாம் வகுப்பில் படிப்பவள். வழியில் அவள் கேட்டாள்: "பாட்டி, தமிழ்ச் சமணரே இப்போது இல்லை என்கிறாரே, அப்படியானால் நாளைக் காலையில் நாம் போகும் ஜினாலயம் யாருடையது?"

முப்பதாண்டுக்கு மேல் பிறர் பிள்ளைகளின் வினாக்களுக்கு விடை கூறிய நமக்கு, நம் பேத்தியின் வினாவிற்கு அன்று விடை கூற இயலவில்லை.

மௌனத்தின் வேர்

மௌனம் ஒன்றுபோலத் தோன்றினும் அதன் வேர்கள் பல. கஷாயங்களை வென்ற முனிவரின் மௌனம் ஒன்று. கடுஞ்சொல் வாயளவில் வந்தபோது அதனைத் தடுத்து நிறுத்தும் இல்லறத்தாரின் மௌனம் மற்றொன்று. அச்சத்தால் விளையும் மௌனம் மூன்றாவது. வெளியிலிருந்து காண்பவர்க்கு மூன்றும் ஒன்றே. உள்ளிருப்பவர்க்கே வேற்றுமை தெரியும்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வாய்மை அணுவிரதத்தை விளக்குமிடத்து, பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் மெய்யையும் கூறலாகாது என்கின்றார். அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பை இல்லங்களில் ஓதுவோர் இதனை நன்கு அறிவர். அன்று மாலை நாம் பற்றிக்கொண்டது இவ்விதியையே. ஆனால், நம் சொல்லால் அவ்வறிஞர்க்கு என்ன கேடு விளைந்திருக்கும்? ஒரு கணம் நாணியிருப்பார், அவ்வளவே. உண்மையில் நாம் அஞ்சியது நம்பொருட்டே. சொல் தடுமாறினால் அவை நகைக்குமே என்னும் எண்ணமே நம் வாயைக் கட்டியது. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கனுள் மானம் நம்மைப் பற்றியிருந்தது. அதற்கு அகிம்சை என்னும் பெயரை நாம் சூட்டினோம்.

அதே ஆசாரியர் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் இறுதியாகப் பிரபாவனையை வைத்துள்ளார். உலகில் பரவிய அறியாமை இருளைத் தக்க முறையால் அகற்றி, ஜினசாசனத்தின் பெருமையை விளங்கச் செய்தலே பிரபாவனை. விழா எடுத்தலும் தேர் ஓட்டுதலும் மட்டுமே பிரபாவனை என்று நாம் கருதிவிட்டோம். அறியாமல் கூறிய ஒருவர்க்கு அறிந்ததை எடுத்துரைத்தலும் அதுவே அன்றோ? 'தக்க முறையால்' என்னும் சொல்லே இங்கு உயிரானது. அம்முறை யாது?

பட்டிமண்டபத்துப் பாங்கு

இதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில், புகார் நகரத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன் இரண்டு செய்திகளைச் சேர்த்தே கூறுகின்றான். பல்வேறு சமயவாதிகளும் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறுக என்பது ஒன்று. பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்பது மற்றொன்று. வாதம் வேண்டும், பகை வேண்டா. பேசாதே என்று அவன் கூறவில்லை.

நம் நீலகேசி முழுமையும் இத்தகைய உரையாடலே. பழையனூர் நீலி, தவத்தில் அமர்ந்த முனிசந்திரரை அச்சுறுத்த வந்து, அவரது அசையாமை கண்டு, அறங்கேட்டு மாறுகின்றாள். அறத்தைப் பெற்றபின் அவள் குகையில் ஒடுங்கவில்லை. பல சமயத்தாருடைய அவைகளையும் நாடிச் சென்று வாதிடுகின்றாள். குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியம் இன்று முழுமையாக இல்லை. அதனைப்பற்றி நாம் ஓரளவேனும் அறிவதற்கு, அதனை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் உரையான சமயதிவாகரமும் துணைபுரிகின்றன. மறுப்பவர் எதிர்தரப்பாரின் சொல்லை மறைக்கவில்லை, எடுத்துக்காட்டியபின்னரே மறுத்தனர். எதிர்வாதத்தின் நேர்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நன்னூல் தந்த பவணந்தி முனிவரும் ஒரு நெறி வகுத்துள்ளார். நூலாசிரியர் பிறர் கொள்கையை எதிர்கொள்ளும் முறைகளை எழுவகை மதம் என்று தொகுத்தார். உடன்படுதல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டவழி ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறவற்றைச் சாராது தன் கொள்கையைக் கொள்ளுதல் என்பன அவை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காக இதனை மனப்பாடம் செய்தோம். அது வாழ்க்கைக்கு உதவும் என்று எழுபது வயதிற்குமேல்தான் உணர்ந்தோம்.

அடுத்த மாதம்

சொற்பொழிவின் இரண்டாம் பகுதிக்குச் செல்லுமுன், கூற வேண்டியதை அரைப்பக்கத்தில் எழுதிக்கொண்டோம். எழுவகையுள் மூன்றாவதே நம் வழி என்று துணிந்தோம். கலந்துரையாடல் தொடங்கியதும் எழுந்து, அவர் கூற்றில் உள்ள உண்மையை முதலில் ஒப்பினோம். ஏழாம் நூற்றாண்டிற்குப்பின் அரசவைகளில் சமணத்தின் செல்வாக்குக் குறைந்தது மெய்யே. ஆனால், கழுகுமலையின் எழில்மிகு புடைப்புச் சிற்பங்கள் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் தோன்றியவை. சீவகசிந்தாமணி அதன் பின்னரே பாடப்பட்டது. ஆரணிக்கும் போளூருக்கும் அணித்தான திருமலையில் சோழ இளவரசி குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம் உள்ளது. தமிழ் மாணவர் இன்றும் பயிலும் நன்னூல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர் சங்கீத மண்டபம் கட்டியது 1387-88இல். அழிந்த சமயத்தார்க்கு மண்டபம் எதற்கு? வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் உழுதுண்டு வாழ்ந்து, தமிழையே வீட்டுமொழியாகக் கொண்ட சமணக் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்களுக்கு மேல்சித்தாமூரில் மடம் உள்ளது. அவர்களுள் ஒருத்தியே பேசுகின்றேன் என்று முடித்தோம்.

அவர் சினங்கொள்ளவில்லை. குறிப்பேட்டை எடுத்து ஊர்ப்பெயர்களை எழுதிக்கொண்டார். தாம் நூல்களை மட்டும் கண்டதாகவும் ஊர்களைக் காணவில்லை என்றும் அவையில் ஒப்பினார். நாம் அத்துடன் அமர்ந்திருக்கலாம். ஆனால், அவையின் கவனம் தந்த கிளர்ச்சியில் ஒரு வாக்கியம் மிகுதியாகக் கூறிவிட்டோம். திருக்குறளை அருளியவர் நம் குந்தகுந்த ஆசாரியரே, இது முடிந்த முடிபு என்றோம். அவர் புன்முறுவலுடன் கேட்டார்: "அம்மா, என் கூற்றுக்கு நீங்கள் கேட்ட சான்றை உங்கள் கூற்றுக்கு நான் கேட்கலாமா?"

நாம் தடுமாறினோம். அவ்வாறு கருதும் மரபு நம்மிடம் உண்டு; பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அதற்கு ஆதரவாக எழுதியுள்ளார். எனினும், அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே. 'நம் மரபு அவ்வாறு கொள்கின்றது' என்று கூறியிருப்பின் அது மெய். 'முடிந்த முடிபு' என்றதனால் அது பிழையாயிற்று.

'ஸ்யாத்' என்னும் ஒரு சொல்

அநேகாந்தம் என்பது எல்லோர் கூற்றும் சரியே என்று தலையசைத்தல் அன்று. குடம் ஒன்று தன் பொருள், இடம், காலம், இயல்பு ஆகியவற்றால் உள்ளது. பிறிதொன்றின் பொருள், இடம், காலம், இயல்பு ஆகியவற்றால் இல்லது. எந்நோக்கில் உள்ளது, எந்நோக்கில் இல்லது என்னும் எல்லையைக் காட்டுவதே 'ஸ்யாத்'. அது ஐயச்சொல் அன்று; அளவுச்சொல். அறிஞரின் கூற்று அரசவை என்னும் நோக்கில் ஓரளவு பொருந்தும். சிற்றூர் என்னும் நோக்கில் பொருந்தாது. எல்லையைக் கூறாமையால் அது ஏகாந்தமாயிற்று. நம் கூற்றும் அவ்வாறே ஏகாந்தமாயிற்று. பிறர் வாக்கியத்தில் 'ஸ்யாத்' இல்லையே என்று குறைகூறச் சென்ற நாம், நம் வாக்கியத்தில் அதனை இட மறந்தோம்.

இல்லம் வந்து எண்ணிப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. முதல் மாதம் நம்மை வாய்மூடச் செய்ததும் மானமே. அடுத்த மாதம் நம்மை மிகைபடக் கூறச் செய்ததும் மானமே. ஆகவே பேசுவதா, பேசாதிருப்பதா என்பது முதல் வினா அன்று. எது நம்மைப் பேச வைக்கின்றது, எது நம்மைத் தடுக்கின்றது என்பதே முதல் வினா.

கேட்போரின் கடன்

அவையின் பொறுப்பெல்லாம் பேசுவோர்மீது என்று கருதுகின்றோம். பவணந்தியார் கேட்போரையும் தரம் பிரித்தார். நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னமும், நிறைய மேய்ந்து பின் அசைபோடும் பசுவும் முதன்மாணாக்கர்க்கு உவமை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்பால் நிறுத்தும் நெய்யரி கடைமாணாக்கர்க்கு உவமை. அறிஞர் கற்படுக்கைகளைப் பற்றிக் கூறிய நல்லனவற்றை மறந்து, அவருடைய ஒரு பிழையை மட்டும் ஒரு மாதம் சுமந்திருந்தோமாயின், நாமும் நெய்யரியே.

1880இல் கும்பகோணத்தில் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தார். சைவ ஆதீனத்துப் புலவரிடம் கற்ற அவர்க்குச் சமணக் கோட்பாடுகள் புதியன. அவர் ஊகித்து எழுதாமல், சந்திரநாத செட்டியார் முதலிய சிராவகர்களை நாடிச் சென்று ஐயங்களைக் கேட்டார். அவர்களும் மனமுவந்து விளக்கினர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அவர் கேட்கத் தயங்கியிருப்பினும், நம்மவர் கூறத் தயங்கியிருப்பினும் தமிழுலகம் அடைந்திருக்கும் இழப்பை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் ஆலய மண்டபங்களிலும் சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. பேச்சு முடிந்ததும் பொன்னாடை போர்த்துகின்றோம். பிரசாதம் பெற்றுக் கலைகின்றோம். வினா எழுப்பும் சிறுவரைப் பெரியோர் அடக்குவதும் உண்டு. வாழிடத்தில் கேட்கப் பழகாத பிள்ளை, வெளியவையில் எவ்வாறு எழுந்து நிற்கும்? ஒவ்வொரு சொற்பொழிவிற்குப் பின்னும் கால்மணி நேரமேனும் வினாவிற்கு ஒதுக்குவோம். விடை தெரியாதபோது தெரியாது என்று கூறும் துணிவைப் பெரியவர்களாகிய நாம் முதலில் கற்போம்.

பகவான் மகாவீரர் கேவலஞானம் எய்தியபின் 66 நாள்கள் திவ்யத்வனி எழவில்லை என்பது நம் மரபு. அதனை ஏற்கும் தகுதியுடைய கணதரர் இன்மையே காரணம். பின்னர் இந்திரபூதி கௌதமர் வந்தார். அவர் வணங்க வந்தவர் அல்லர், வாதிட வந்தவர். சமவசரண வாயிலில் மானஸ்தம்பத்தைக் கண்டதும் அவருடைய செருக்கு அகன்றது. வாதிட வந்தவரே முதல் கணதரர் ஆனார். அவர் வினாவை விட்டொழிக்கவில்லை. மானத்தை மட்டுமே வாயிலில் விட்டார்.

ஆலயத்தில் மானஸ்தம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் இப்போது ஒரு கணம் நிற்கின்றோம். பேத்தியும் நிற்கின்றாள். அவளுடைய வினாவிற்கு இன்று நம்மிடம் விடை உண்டு: அந்த ஜினாலயம் நம்முடையது, அது இருப்பதை அறியாதவர்க்கு அன்போடு அறிவிக்கும் கடனும் நம்முடையது.

வளர்க அருளறம்!