வாடகை வண்டியும் ஒரு மனிதரின் நாளும்

சென்னையிலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப ஓட்டுநரோடு ஒரு வண்டியை அமர்த்தும் குடும்பம், பேச வேண்டியதையெல்லாம் கிலோமீட்டரிலேயே பேசி முடித்துவிடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கு, சுங்கச்சாவடிக் கட்டணமும் வண்டி நிறுத்தும் கட்டணமும் தனி, இவற்றுக்கு மேல் ஓட்டுநர் பேட்டா என்பதே மஞ்சள் போர்டு வண்டிகளின், அதாவது வாடகைக்கு ஓட உரிமம் பெற்று மஞ்சள் எண்பலகை மாட்டிய வண்டிகளின், பொதுவான நடைமுறை. பேட்டா என்பது வெளியூர் போகும் ஓட்டுநரின் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் தரப்படும் படி. இந்தக் கணக்கில் தூரத்துக்கு விலை இருக்கிறது, டீசலுக்கு விலை இருக்கிறது, சாலைக்கும் விலை இருக்கிறது. அந்த வண்டியில் விடியுமுன் ஏறி நள்ளிரவில் இறங்கப்போகும் ஒருவருடைய நாளுக்கு அதில் தனி வரி கிடையாது. ஒருவருடைய முழு நாளை இன்னொருவர் பணம் கொடுத்துப் பெறும்போது எது கைமாறுகிறது, எது கைமாறுவதே இல்லை என்ற கேள்வி சுற்றுலாவோடு நிற்பதில்லை. அடுத்தவர் உழைப்பின்மேல் தன் மகிழ்ச்சியை அமைத்துக்கொள்ளும் எவருக்கும் அது உரியது.

நாளின் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் என்று போகும் வழியில் தஞ்சாவூர் சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். இடையில் காபிக்கும் சிற்றுண்டிக்கும் நிறுத்தினால் ஒருவழிப் பயணமே ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். கோயில் நடையோ மதியம் பன்னிரண்டரை மணியளவில் சாத்தப்பட்டு மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். உச்சிக்கு முன் தரிசனம் முடிய வேண்டுமானால் குடும்பம் அதிகாலை நான்கு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும்; ஓட்டுநரோ இரண்டரைக்கே எழுந்து, வண்டியைத் துடைத்து, டீசல் போட்டுக்கொண்டு, அந்த வாசலுக்கு வந்து சேர வேண்டும். இத்துடன் கணக்கு முடிந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல் அதனோடு இணைக்கப்பட்டு மூன்றும் ஒரே தலைப்பின்கீழ் வந்தன. தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியும், கங்கைகொண்ட சோழபுரம் அதே பாதையிலிருந்து சற்றே விலகியும் இருப்பதால், வந்தது வந்தாகிவிட்டது, அவற்றையும் பார்த்துவிடலாம் என்று பயணத்தின் நடுவில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அந்த ஒரு பேச்சில் ஓட்டுநரின் நாள் இன்னும் மூன்று மணி நேரம் நீண்டுவிடுகிறது. அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தூக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: மனித உடலில் விழிப்பு மிகவும் தாழும் வேளைகள் இரண்டு, பின்னிரவு இரண்டு முதல் ஆறு மணிக்குள் ஒன்று, பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணிக்குள் மற்றொன்று. சுமார் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய அளவுக்கு மங்கிவிடுவதும் சோதனைகளில் கண்டறியப்பட்டது. இந்தியச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் மதுவின் அளவு 30 மில்லிகிராம். இரண்டரைக்கு எழுந்தவர் மாலை ஏழரைக்கே 17 மணி நேரத்தைக் கடந்துவிடுகிறார். அவர் சென்னைக்குத் திரும்ப ஓட்ட வேண்டிய இருட்டுச் சாலையின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. மது குடித்திருக்கிறாரா என்று சாலையில் ஊதச் சொல்லிப் பார்க்கிறார்கள். தூங்கினாரா என்று கேட்க அங்கே எவரும் இல்லை, கேட்கக்கூடியவர்கள் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, தொலைதூர வழித்தடங்களில் மிகுதியாகப் போனால் பத்து மணி, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது; ஓய்வையும் சேர்த்து ஒரு நாளின் பணி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பரவக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் அச்சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. கடன் வாங்கி வண்டி எடுத்துத் தானே ஓட்டுபவரும், இரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் வேலை பார்ப்பவரும் அதன் நிழலுக்கு வெளியே நின்றார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் அச்சட்டம் அதை வேலைநேரத்தில் சேர்த்தது. நீண்ட காத்திருப்பு ஓய்வுக்குச் சமம் என்ற எண்ணம் இதில் அடங்கியிருந்தது. வாடகை வண்டியின் காத்திருப்பைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் இந்த எண்ணத்தை ஏற்பது கடினம்.

சித்திரை வெயிலில் கோயிலுக்கு வெளியே நிறுத்திய வண்டியில் அந்தக் காத்திருப்பு எப்படிக் கழிகிறது? இயந்திரம் ஓடினால் டீசல் தீரும் என்பதால் ஏசி போடுவதில்லை; நான்கு கண்ணாடிகளும் இறக்கப்பட்டிருக்கும், செருப்பு கதவுக்கு வெளியே கழற்றி வைக்கப்பட்டிருக்கும், இருக்கை சாய்க்கப்பட்டிருக்கும், ஒரு துண்டு முகத்தின்மேல் கிடக்கும். கைப்பேசி மட்டும் மார்பின்மேல் இருக்கும், ஏனென்றால் அழைப்பு எந்த நிமிடமும் வரலாம். ‘பத்து நிமிஷத்துல வந்துடுறோம்ணே, வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க’ என்ற அழைப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்தும் ஆட்கள் வராமலிருப்பது அன்றாடம் நடப்பது. இரண்டு மணி நேரம் தூங்கலாம் என்று திட்டமாகத் தெரிந்தவர் தூங்குவார். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்று இருப்பவர் கண்ணைத்தான் மூடியிருப்பார். பயணத்தில் மிக எளிதாகக் கொடுக்கக்கூடியதும் மிக அரிதாகக் கொடுக்கப்படுவதும் இந்தத் திட்டமான இரண்டு மணி நேரம்தான்.

அவர் காத்திருக்கும் இடத்திலிருந்து சில நூறு அடி தொலைவில், கோயிலின் கருங்கல்லில், வேறொரு வகைக் கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குக் கலசம் கொடுத்தான் என்பதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற, உண்மையல்லாத செய்தியையும் சேர்த்துச் சொல்வார்கள், நிழலோ எல்லாக் கட்டடங்களின் நிழலையும்போல விழத்தான் செய்கிறது. அண்ணாந்து பார்த்தே பழகிய கண்கள் தவறவிடுவது அடியில் இருக்கிறது. அதிட்டானம் எனப்படும் விமானத்தின் அடித்தளத்திலும், திருச்சுற்று மதிலிலும், தூண்களிலும், ஏட்டில் எழுதியது போன்ற சீரான வரிகளில் கல்வெட்டுகள் ஓடுகின்றன. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றைப் படித்துப் பதிப்பித்தபோதுதான், கோயிலைக் கட்டியவன் யார் என்பதே ஐயமின்றி நிலைபெற்றது.

அவற்றுள் நீளமான ஒன்று, சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடலும் பாடலும் பிற பணியும் செய்த மகளிரின், பட்டியல். வெறும் எண்ணிக்கையாக அது நின்றுவிடவில்லை. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (சிறகு என்பது வீட்டு வரிசை), அந்த வரிசையில் எத்தனையாவது வீடு, அதில் குடியேறியவர் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வெட்டப்பட்டிருக்கிறது; ஒருவருக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதே கல்வெட்டு மேலும் தொடர்ந்து, நட்டுவர், பாடுவோர், மேளம் கொட்டுவோர் ஆகியோருக்கும், குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், துணி வெளுப்பவர், நாவிதர், தையற்காரர், தச்சர், கணக்கர் ஆகியோருக்கும் எத்தனை பங்கு என்று சொல்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊர் மாறினாலோ அந்தப் பங்கு அவருடைய நெருங்கிய உறவினருக்குச் சேர வேண்டும் என்பதும் அதில் உண்டு. வேறு கல்வெட்டுகளில் இடையர்களின் பெயர்கள் வருகின்றன: விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்று பெற்றுக்கொண்டு, ஆடவல்லான் என்ற பெயருடைய மரக்காலின் அளவால் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்.

இதை வைத்துச் சோழர் காலத்தைப் பொற்காலம் என்று எழுதிவிடுவது எளிது, சரியும் ஆகாது. ஊர்விட்டுக் கொண்டுவரப்பட்ட நானூறு பெண்களின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதைக் கல் சொல்லவில்லை. பக்கத்தில் மலையே இல்லாத வண்டல் நிலத்துக்கு அத்தனை கருங்கல்லையும் இழுத்துவந்தவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அரசு எதைக் கணக்கில் வைக்க விரும்பியதோ அதைத்தான் கல்லில் வைத்தது. அப்படியிருந்தும் ஒன்றை மறுக்க முடியாது: விழா நடப்பதற்குக் குடை பிடிப்பவர் ஒருவர் வேண்டும், அவருக்குப் பங்கு உண்டு, அந்தப் பங்கின் அளவு இது என்று ஒரு பேரரசின் தலைமைக் கோயில் தன் சுவரிலேயே எழுதி வைத்தது. பணம் கொடுத்து அந்தச் சுவரைப் பார்க்க வந்த பயணி, தன்னை அங்கே கொண்டுவந்து சேர்த்தவரின் பெயரையே மாலைவரை கேட்டிருக்கமாட்டார் என்றால், அவர் கோயிலின் உயரத்தைப் பார்த்திருக்கலாம், கோயில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைப் பார்க்கவில்லை.

பெயரைக் கேட்பது தொடக்கம்தான். வயதில் மூத்த ஓட்டுநரை அண்ணே என்றும், இளையவரைத் தம்பி என்றும் கூப்பிடுவது தமிழ்நாட்டில் இயல்பாக வரும் மரியாதை. அந்த உறவுச்சொல் சாப்பாட்டு நேரத்தில் எங்கே போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நெடுஞ்சாலை உணவகங்கள் பலவற்றில் வண்டி கொண்டுவரும் ஓட்டுநருக்குக் கட்டணமில்லாச் சாப்பாடு உண்டு, ஆனால் அது உள்ளே ஒரு தனி மூலையில். சேர்ந்து உட்காரச் சொல்வது எல்லா நேரத்திலும் கருணையாகாது. முதலாளிபோல் இருப்பவர் எதிரில் அளந்து சாப்பிடுவதைவிடத் தனியே நிம்மதியாக உண்டு, சக ஓட்டுநர்களோடு நாலு வார்த்தை பேசுவதையே பலர் விரும்புகிறார்கள். கோயிலுக்குள் வரும்படி அழைப்பதும் அவ்வாறே. நூறு தடவை தரிசனம் செய்தவருக்கு அந்த அரை மணித் தூக்கமே பெரிது, ஒருமுறைகூட உள்ளே போகாதவருக்கு அந்த அழைப்பு பெரிது. எது வேண்டும் என்று கேட்டு, சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்தான் மரியாதை இருக்கிறது, தன் நல்லெண்ணத்தை அவர்மேல் ஏற்றுவதில் இல்லை.

அரசும் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. விடுதிகளில் தங்குவோரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் கொண்ட தங்குமிடம் அமைய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2023-இல் கட்டட விதிகள் திருத்தப்பட்டன; காருக்குள்ளேயே இரவைக் கழித்தவர்களுக்கு அது பெரிய மாற்றம். ஒரே நாளில் திரும்பும் பயணத்துக்கு அந்தக் கூரையும் கிடையாது. அங்கே எல்லாம் பயணி போடும் திட்டத்தைப் பொறுத்தது. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் உழவன் விரைவு ரயிலில் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். அங்கே உள்ளூர் வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டால், காலை இளவெயிலில் கருங்கல் தரை சுடாத நேரத்தில் பெரிய கோயிலையும், பிறகு தாராசுரத்தையும், மாலையில் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பார்க்க முடியும், ஓட்டிய மனிதரும் அன்றிரவு தன் வீட்டில் படுப்பார். உள்ளூர் ஓட்டுநருக்கு எந்தத் தெருவில் வண்டி நுழையாது, எந்த நாளில் பிரதோஷக் கூட்டம் என்பதெல்லாம் அத்துப்படி என்பதால் பயணிக்கும் நேரம் மிஞ்சும்.

ஆனால் ரயிலில் ஏறி இறங்க முடியாத வயதான தாய் ஒருவர் இருக்கிறார், பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர விடுப்பில்லை, அவர் கண்மூடுமுன் பெரிய கோயிலை ஒருதரம் பார்க்க ஆசைப்படுகிறார் என்றால், அந்தக் குடும்பத்திடம் இந்த அறிவுரை செல்லாது; அவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை போகத்தான் வேண்டும். அப்போது தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் விட்டுவிட்டு, மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்தை ஓட்டுநரின் தூக்கத்துக்கென்று முன்கூட்டியே ஒதுக்கலாம். அதைவிட நல்லது, தொலைதூரப் பேருந்துகளில் செய்வதுபோல இரண்டு ஓட்டுநர்களைக் கேட்பது. ஒருவர் போகும்போதும் மற்றவர் திரும்பும்போதும் ஓட்டுவார்கள். இரண்டு பேட்டா கொடுக்க வேண்டும், சிறிய வண்டியில் நான்கு பேருக்குப் பதிலாக மூன்று பேர்தான் போக முடியும், யார் வீட்டில் இருப்பது என்பதை வண்டிக்குச் சொல்லுமுன்பே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.